நிழலைப் போட்டு இடம் பிடித்த மரம்

செங்கரை ஊரில், முல்லை நகர் பூங்காவில் நின்ற புங்க மரத்தை வெட்டி, கிளை வேறு அடி வேறாகக் கூறுபோட்டு லாரியில் ஏற்றிக் கொண்டுபோன மறுநாளும் அதன் நிழல் மட்டும் போகாமல் அதே இடத்தில் கிடந்தது, அதை முதலில் யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் மரத்தை வெட்டியது சரியா தப்பா என்று வழக்காடுவதற்கு ஆட்கள் அந்த நிழலில்தான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறி, பேச்சும் ஏறி, பூங்கா வாசலில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்கிற இருளாயி தற்செயலாக அண்ணாந்து பார்த்தபோது மேலே கிளையும் இல்லை இலையும் இல்லை, சூரியன் மட்டும் தகதகவென்று நிற்கிறது, ஆனால் அவளுக்குக் கண் கூசவில்லை, மேலில் சூடு படவில்லை. "ஆத்தாடி, மரம் போயிருச்சு, நெழல் போகலையே" என்றாள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள், குனிந்து பார்த்தார்கள், தரையில் இலை இலையாக நிழல் காற்றுக்கு அசைந்துகொண்டிருந்தது. பிறகு, வேறென்ன செய்வது, இன்னும் கொஞ்சம் நகர்ந்து நன்றாக நிழலுக்குள் உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்த மரத்தை வெட்ட வழி பண்ணியவள் அந்த வார்டு கவுன்சிலர் தவமணி. பண்ண வைத்தவர் முல்லை நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானசிகாமணி. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பூங்காவுக்கு எதிர் வீடு, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் சொன்னபடி விடிந்ததும் பூங்காவுக்குள் வந்து, மஞ்சள் பெயின்டில் பெரிதாக எட்டுப் போட்டிருக்கிற பாதையில் எட்டு நடக்கிற மனிதர். நல்ல மனிதர்தான், ஆனால் குறை சொல்லாமல் அவருக்குக் காப்பி இறங்காது. இலை கொட்டுகிறது என்பார், பூக் கொட்டுகிறது என்பார், கம்பளிப்பூச்சி என்பார், கரண்டுக் கம்பியில் உரசுகிறது என்பார், மைனா எச்சம் போட்டுப் போட்டு என் கார் காராகவே இல்லை என்பார். ஒவ்வொரு குறைக்கும் தவமணி "நடவடிக்கை எடுக்கிறேண்ணே" என்று சொல்லி அனுப்புவாள்.

அந்த வாக்கியத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவள் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி. கவுன்சிலர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டதென்னவோ அவர்தான், வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால் சிமெண்டுக் கடையைக் கவனித்துக்கொண்டிருந்தவளைப் பிடித்து நிறுத்தினார், அவளும் மயிரிழையில் ஜெயித்தாள். முதல் வருசம் அவர் பேசினார், இவள் கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் வருசம் இவளே பேசினாள். மூன்றாம் வருசம் அவரைக் கேட்பதையே விட்டுவிட்டாள். தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்தாள், சாக்கடைக்கு மூடி போட்டாள், பூங்காவுக்கு உயரமான ஹைமாஸ் விளக்கு வாங்கினாள், அந்த வெளிச்சத்தை மரம் மறைக்கும் என்று ஞானசிகாமணி எடுத்துச் சொன்னதும் மரத்தையும் எடுத்தாள். அடிமரத்தைத் தோண்டி மேலே பேவர் பிளாக் பதித்து மூடியாயிற்று. அடுத்த தேர்தலிலும் நிற்க வேண்டும், இந்தத் தடவை மயிரிழையில் இல்லாமல் ஜெயிக்க வேண்டும், அவளுக்கு என்று ஊரில் ஒரு பேர் நிற்க வேண்டும் என்பதுதான் அவள் நெஞ்சுக்குள் இருந்த ஒரே ஆசை.

நிழல் தங்கிவிட்டதும் அந்த ஆசை நிறைவேறின மாதிரியே ஆகிவிட்டது. அடேயப்பா, அதைப் போல ஒரு வசதி உண்டா? காலையில் ஞானசிகாமணி வீட்டுக் கார் மேல் கிடக்கும், உச்சிக்குச் சுருங்கி எட்டுப் பாதையின் மேல் வளையத்துக்குள் வந்து படுக்கும், சாயங்காலம் மறுபக்கம் நீண்டு அந்தப் பக்கத்துத் தெருவையே மூடும், முன்னே மரம் இருந்தபோது எப்படியோ அப்படியே. ஆனால் சருகு இல்லை, கம்பளிப்பூச்சி இல்லை, எச்சம் இல்லை, கம்பியில் உரசுகிற கிளை இல்லை. சித்திரையில் புங்கம்பூக் கொட்டுகிற காலம் வந்தது, தரையெல்லாம் பூ விழுகிற நிழல் விழுந்தது, கையை நீட்டினால் உள்ளங்கையில் பொட்டுப் பொட்டாய் இருட்டு வந்து விழுந்து மறைந்தது, கூட்டிப் பெருக்க ஒன்றும் இல்லை. உலகத்திலேயே குப்பை போடாத நிழல் நம்ம முல்லை நகர் நிழல்தான் என்று ஞானசிகாமணி சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? யாரோ மரம் நின்ற இடத்தில் மஞ்சள் துணியை விரித்துக் குங்குமம் வைத்தார்கள், தவமணி அதை எடுத்துவிட்டு இது பூங்கா என்றாள். கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வந்தார்கள். பள்ளிக்கூடத்து அறிவியல் சார் ஒருவர் வந்து ஏதேதோ விளக்கம் சொல்லி, சொல்லி முடித்ததும் அவரும் நிழலில் துண்டை விரித்துத் தூங்கினார். மேகம் மூடினால் நிழல் மறைந்துவிடும், அப்போது மட்டும் எல்லாரும் பேச்சை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள், மேகம் விலகி நிழல் திரும்பி விழுந்ததும் அப்பாடா என்று அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இருளாயிக்கு வியாபாரம் இரண்டு மடங்கானது. பக்கத்துத் தெருக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை, எங்கள் தெரு வேம்பையும் வெட்டிக் கொடுங்கள், எங்கள் தெரு வாகையையும் வெட்டிக் கொடுங்கள், எங்களுக்கும் நிழல் மட்டும் போதும் என்று அந்தந்தக் கவுன்சிலர்களை விரட்டி விரட்டி வெட்ட வைத்தார்கள். அங்கெல்லாம் மரத்தோடு சேர்ந்து நிழலும் அதே லாரியில் ஏறிப் போய்விட்டது. மொட்டை வெயிலில் நின்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு, அந்த ஜனமும் முல்லை நகர்ப் பூங்காவுக்கே வந்து சேர்ந்தது.

ஆடி மாதம் ஹைமாஸ் விளக்குத் திறப்பு விழா. அதுவரைக்கும் தவமணி அந்தப் பூங்காவைக் காலையில் பார்த்திருக்கிறாள், மத்தியானம் பார்த்திருக்கிறாள், அந்தி நேரத்தில் அங்கே நின்றதில்லை. மேளம் அடித்தது, ஞானசிகாமணி சால்வை போர்த்தினார், அவள் பொத்தானை அழுத்தப் போகிற நேரம் மேற்கே இருந்து மைனாக் கூட்டம் வந்தது. வந்தவை நேராக மரம் இருந்த இடத்துக்கு, கிளை இருந்த உயரத்துக்கு இறங்கின, இறங்கிக் காலை நீட்டின, பிடிக்க ஒன்றும் இல்லாமல் பொத்தென்று கொஞ்சம் கீழே விழுந்து, படபடவென்று அடித்துக்கொண்டு மேலே ஏறி, திரும்பவும் இறங்கிக் காலை நீட்டின. கீழே கிளையின் நிழல் கிடக்கிறது, அவை அதைப் பார்க்கின்றன, கிளையைத் தேடுகின்றன. இத்தனை மாதமாக அந்தியானால் இதே கதைதான் என்று இருளாயி காதோடு சொன்னாள், முன்னே நிறைய வரும், இப்பக் கொறைஞ்சு போச்சுக்கா என்றாள். தவமணி பொத்தானை அழுத்தினாள், விளக்கு எரிந்தது, எல்லாரும் கை தட்டினார்கள், மைனாக்கள் கலைந்து எங்கேயோ போயின. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆவணி பிறந்ததும் கடப்பாரையோடு வந்து, மரம் நின்ற இடத்தில் பேவர் பிளாக்கைப் பெயர்த்துக் குழி தோண்டி ஒரு புங்கங்கன்றை நட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கவுன்சிலர்கள் கன்று நடுவது வழக்கம், நட்ட கன்று சாவதும் வழக்கம். ஆனால் இந்தக் கன்று தழைத்தது. அது ஒரு புது இலை விட்ட அன்றைக்கு இருளாயியின் வண்டி மேல் வட்டமாய் வெயில் விழுந்தது, அடுத்த இலைக்கு ஞானசிகாமணியின் காரில் பாதி வெயிலுக்கு வந்தது. கன்று ஒரு இலை விட்டால் பழைய நிழலில் ஒரு கிளை காணாமல் போகிறது என்று ஊருக்கு விளங்க நாள் பிடிக்கவில்லை. ஒருநாள் விடியக் கன்றைக் காணோம், பிடுங்கிப் போட்டிருந்தது, நிழல் பழையபடி முழுசாய்க் கிடந்தது. யார் பிடுங்கினது என்று கேட்டால் ஆடு என்றார்கள். முல்லை நகரில் ஆடே கிடையாது. தவமணி இன்னொன்று நட்டாள். அதையும் பிடுங்கினார்கள், இந்தத் தடவை மாடு என்றார்கள்.

அவள் மூன்றாவது கன்றைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே சங்கம் கூட்டம் போட்டது, அதே பூங்காவில், அதே நிழலில், அவரவர் வீட்டு நாற்காலியோடு. ஞானசிகாமணி கோபப்படாமல்தான் பேசினார். கன்று மரமாகி நிழல் விழ எத்தனை வருசம் ஆகும், அதுவரைக்கும் என்னைப் போல நெஞ்சில் கம்பி வைத்தவன் வெயிலில் நடப்பானா, கையில் இருக்கிறதை விட்டுவிட்டு இல்லாததுக்கு ஏன் அலைய வேண்டும், உனக்கு என்னம்மா குறை, போய்ச் சேர்ந்த மரமே மனசு வைத்து நிழலை விட்டுப் போயிருக்கிறதே என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருளாயி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், அவள் பிழைப்பே அந்த நிழலில் நிற்கிறது. தவமணி சுற்றிப் பார்த்தாள், அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவை முழுக்க அவளுடைய ஓட்டு.

அவள் எழுந்து நின்றாள். "அண்ணே, பஸ்ஸுல சன்னல் வழியாத் துண்டப் போட்டு எடம் பிடிக்கிறோம்ல, அந்த மரம் நெழலப் போட்டு எடம் பிடிச்சு வச்சிருக்கு. அதுக்கு அடுத்து வர்ற ஆளுக்காகப் பிடிச்ச எடம் அது. நாம துண்டு மேல உக்காந்துக்கிட்டு, எடம் நம்மளுதுங்கிறோம். நமக்காச்சும் நெழல் இருக்கு. அந்தி சாஞ்சா வர்ற மைனாவுக்கு ஒக்காரக் கெளை இல்ல. வெட்டுனது என் கையெழுத்து, நட்டுட்டுத்தான் மறுவேலை."

கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் ஒருவர் மைனாவுக்கு ஓட்டு இருக்கா என்று கேட்டுச் சிரித்தார், அது அவள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னது, விழவும் செய்தது.

ஐப்பசி மழையில் அவள் மூன்றாவது கன்றை நட்டாள், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். விடியுமுன்னே வருவாள், இருட்டினதும் செல்லப்பாண்டியின் கடைப் பையன்கள் யாரையாவது காவலுக்குப் படுக்க வைத்துவிட்டுப் போவாள். ஆஸ்பத்திரிக்குக் கையெழுத்து வேண்டுமா, ரேஷன் கடையில் தகராறா, எல்லாரும் அந்த நாற்காலிக்குத்தான் வர வேண்டும், பழித்துக்கொண்டே வந்தார்கள். எட்டு நடக்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம், அவளிடம் பேசக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், அந்த எட்டு அவர்களைச் சுற்றிக் கொண்டுவந்து திரும்பவும் அவள் எதிரிலேயே விடும். ஞானசிகாமணி வானத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கப் பழகிக்கொண்டார். கன்று இலை விட்டது, நிழல் குறைந்தது. மார்கழிக்குள் நிழலில் பாதி போய்விட்டது.

செல்லப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டார். நம் கையாலேயே நம் தலையில் மண்ணள்ளிப் போடுகிறாயே என்றார், இதை மட்டும் விட்டுவிடு, ஜெயித்த பிறகு ஊரெல்லாம் நடு, நானே குழி தோண்டுகிறேன் என்றார், ஒருநாள் அழவும் அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை, மனசு இளகத்தான் செய்தது. சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு நாற்காலிக்கே போனாள். வார்டு இந்தத் தடவை பொதுவாகிவிட்டது, எதிர்த்து நின்றவன் வேறொன்றும் பேசவில்லை, நான் ஜெயித்தால் முதல் வேலையாக முல்லை நகர் நிழலை மீட்டுத் தருவேன் என்று மட்டும் மைக் கட்டிச் சொன்னான். மாசியில் தேர்தல் நடந்தது. தவமணி தோற்றாள், மயிரிழையில் இல்லை, நன்றாகவே தோற்றாள், முல்லை நகர்ப் பெட்டியைத் திறந்து எண்ணும்போது அவள் பேரைச் சொல்லவே ஏஜெண்டு சங்கடப்பட்டார். மறுநாள் தெருவில் ஜெயித்தவனுக்கு வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தப் புகைக்குள் அவள் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்து போனாள். வழியெல்லாம் கண்ணில் தண்ணீர் வழிந்தது, புகையால்தான் என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

பதவி ஏற்ற கையோடு புதுக் கவுன்சிலர் மாலையும் மேளமுமாகப் பூங்காவுக்கு வந்தான். அப்போது பழைய நிழல் ஒரு பாய் அளவுக்குத்தான் மிச்சம், அதுவும் அன்றைக்குக் காலையில் கன்று விட்ட இலைக்கு ஈடாக, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் ஓரமாய்க் கரைந்து போனது. கன்று இடுப்பளவு நின்றது. தவமணி அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், இப்போது அவள் கவுன்சிலர் இல்லை, யாருக்கும் எதுவும் இல்லை, ஒரு பொம்பளை, அவ்வளவுதான். பிடுங்குங்கள், பழைய நிழல் வரும் என்று கூட்டத்தில் குரல் வந்தது. அப்போது வெயிலில் வண்டியோடு நின்ற இருளாயி, ஆறு மாதமாகத் தவமணியைக் கரித்துக்கொட்டினவள், குறுக்கே வந்தாள்.

"பிடுங்கி, நெழல் வரலைன்னா? போட்ட துண்டையும் எடுத்தாச்சு, ஒக்காந்த ஆளையும் எழுப்பி விட்டுட்டா, அப்புறம் அந்த எடம் யாருக்கு?" என்றாள்.

கூட்டம் யோசித்தது. புதுக் கவுன்சிலரும் யோசித்தான், பிடுங்கி நிழல் வராமல் போனால் பழி தன் தலையில் விடியும் என்று கணக்குப் பார்த்து, கன்றுக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு வந்த கோடைகளை என்னத்தைச் சொல்ல. முல்லை நகர் அப்படி ஒரு வெயிலைக் கண்டதில்லை, பேவர் பிளாக் கொதித்தது, எட்டு நடக்கிறவர்கள் குடை பிடித்து நடந்தார்கள், நடந்துகொண்டே தவமணியைத் திட்டினார்கள். குழாயில் தண்ணீர் வராத வாரங்களில் அவள் அரிசி கழுவின தண்ணீரைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் சில நாள் கன்றின் பாத்தி ஏற்கெனவே ஈரமாய் இருக்கும். இருளாயியைக் கேட்டால், டம்ளர் கழுவின தண்ணிய எங்கயாச்சும் கொட்டணும்ல என்பாள். செல்லப்பாண்டியைக் கேட்டால், கடைக்குப் போற வழி, வாளி கையில இருந்துச்சு என்பார். பெயர்த்த பேவர் பிளாக்கைக் கொண்டு யாரோ சுற்றிலும் ஒரு கட்டுக் கட்டியிருந்தார்கள், அது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஞானசிகாமணி மட்டும் அவளோடு பேசுவதில்லை என்ற வைராக்கியத்தை விடவில்லை.

கன்று அவள் தோளைத் தாண்டியது, கை எட்டுகிற உயரத்தைத் தாண்டியது, ஒரு நாற்காலிக்கு நிழல் தந்தது, பிறகு இருளாயி வண்டிக்கும் சேர்த்துத் தந்தது, ஒரு கிளை தெருப் பக்கம் நீண்டு எதிர் வீட்டுக் காரைத் தொடப் போனது. அந்தியானால் தவமணி மேற்கே பார்த்துக்கொண்டு உட்காருவாள். ஒன்றும் வராது. இடம் மறந்து போயிருக்கும் என்பாள் இருளாயி, நினைப்பு இருக்கிற ஒன்றாவது மிச்சம் இருக்கும் என்பாள் தவமணி. இந்தப் பேச்சு நாலு சித்திரை ஓடியது.

நாலாவது சித்திரையில் ஒருநாள் காலையில் அவள் போன் அடித்தது. எடுத்தால், செருமுகிற சத்தம். "நான் சங்கச் செயலாளர் ஞானசிகாமணி பேசுறேன். உங்க மரத்து மைனா என் கார் மேல எச்சம் போட்டிருக்கு. வந்து பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் வீட்டுக்காரர் செருப்புமாக அவள் ஓடினாள். ஞானசிகாமணி காருக்குப் பக்கத்தில் நின்றார், தண்ணீர் வாளி இருந்தது, துணியும் இருந்தது, துணி நனையவில்லை. முன் கண்ணாடியில் வெள்ளையாய், இன்னும் ஓரம் காயாமல், அதுவேதான். நேற்று அந்தியிலேயே வந்துவிட்டது, ரெண்டு வந்தது, அந்தத் தெருப் பக்கத்துக் கிளையில்தான் உட்கார்ந்தது, விடியக்காலம் எழுந்து பார்க்கிறேன், இங்கேதான் இருக்கிறது, நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் கழுவாமல் வைத்திருக்கிறேன் என்றார், வார்த்தை வார்த்தையாக நிறுத்தித்தான் சொல்ல முடிந்தது அவரால். தவமணி மேலே பார்த்தாள். இலைக்குள் மஞ்சள் மூக்கு ஒன்று அசைந்தது.

அவள் பழைய கவுன்சிலர் குரலில், "நடவடிக்கை எடுக்கிறேண்ணே" என்றாள்.

"ஒண்ணும் எடுக்க வேணாம்மா" என்றார் ஞானசிகாமணி, வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் ஊற்றினார்.